ஒரே தைராய்டு, இரண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் டைபாய்டு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் அசதி போகவில்லை என்று ஜனவரியில் ரத்தப் பரிசோதனை செய்தோம். டி3, டி4 நார்மல், டி.எஸ்.எச். மட்டும் 7.2. 'தைராய்டு குறைவு, 50 மாத்திரையை ஆயுசுக்கும் போட வேண்டும்' என்றார்கள். பயத்தில் நான் மாத்திரையை ஆரம்பிக்கவே இல்லை. பிப்ரவரி கடைசியில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பார்லர் அக்கா சொன்ன முடி மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். ஏப்ரலில் வேறொரு லேபில் பார்த்தபோது டி.எஸ்.எச். 0.19, ஃப்ரீ டி4 2.1, ஃப்ரீ டி3 4.9. இப்போது 'தைராய்டு அதிகம்' என்கிறார்கள். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், நாடி 74 என்றார். 'இப்போது மாத்திரை வேண்டாம், ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்று சொல்லியிருக்கிறார். எனக்கு எடையும் குறையவில்லை, படபடப்பும் இல்லை. ஜனவரியில் 8.4 இருந்த டி4 இப்போது 2.1 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்ததைப் போய் ஏன் அதிகம் என்கிறார்கள்? எந்த லேப் தப்பு? இரண்டாவது குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி. மணப்பாறையில் இருக்கும் என் அம்மாவுக்கு 62 வயது, 12 வருடமாக 100 மாத்திரை போடுகிறார். அவருக்கும் டி.எஸ்.எச். ஒருமுறை 1 வருகிறது, ஒருமுறை 9 வருகிறது. டெஸ்ட் எடுக்கும் நாளில் அவர் மாத்திரை போடலாமா, கூடாதா?

ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தையும் அதோடு அனுப்பிய மூன்று போட்டோக்களையும் பார்த்தேன். இரண்டு ரிப்போர்ட், ஒரு மாத்திரை அட்டை. அந்த அட்டையை நீங்கள் சேர்த்து அனுப்பியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. தைராய்டைக் கூட்டுகிற மாத்திரை, குறைக்கிற மாத்திரை இரண்டையுமே இப்போது தொடங்க வேண்டாம். கழுத்தைத் தடவி, நடுக்கம் இருக்கிறதா என்று கையை நீட்டச் சொல்லி, நாடியையும் பார்த்துவிட்டு 'மாத்திரை வேண்டாம்' என்றாரே, அந்த டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார். ரிப்போர்ட்டில் இருக்கும் வியாதி எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் தெரியவில்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் புறநோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் இல்லை, லேபில் இருக்கும் உயிர்வேதியியல் டாக்டர். ரத்தம் டியூபில் உள்ளே வந்து எண்ணாக வெளியே போகிற இடத்தில்தான் 22 வருடமாக என் வேலை. அதனால் உங்கள் கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 8.4 எப்படி 2.1 ஆனது என்பதைப் பார்ப்போம். நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிற இடம் இது. ஜனவரி ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மைக்ரோகிராம் என்று இருக்கிறது. ஏப்ரல் ரிப்போர்ட்டில் அதே இடத்தில் நானோகிராம். ஒரு மைக்ரோகிராமுக்கு ஆயிரம் நானோகிராம். அது மட்டுமில்லை, அளந்த பொருளே வேறு. தைராய்டு சுரக்கிற டி4 ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. ஏறக்குறைய மொத்தமும் புரதங்களின் மேல் ஏறி உட்கார்ந்துதான் பயணம் செய்கிறது. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் வண்டியை விட்டு இறங்கி நடக்கிறது. திசுக்களுக்குள் போய் வேலை செய்வது இறங்கி நடக்கும் அந்தப் பங்குதான். ஜனவரியில் வண்டியில் இருப்பவர், இறங்கியவர் எல்லோரையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள், அது மொத்த டி4. ஏப்ரலில் இறங்கியவர்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள், அது ஃப்ரீ டி4. மொத்த டி4 சுமாராக 5 முதல் 12 வரை இருக்கலாம், உங்கள் 8.4 நடுவில் இருக்கிறது. ஃப்ரீ டி4க்கு அந்த லேபின் எல்லை 0.93 முதல் 1.7, உங்கள் 2.1 அதைத் தாண்டிவிட்டது. மீட்டரில் அளந்த ஒரு துணியையும் இஞ்சில் அளந்த ஒரு துணியையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் உங்கள் செக்கிங் மேஜையில் என்ன குழப்பம் வருமோ, அதே குழப்பம்தான் இது.

இரண்டாவது குழந்தையைப் பற்றி எழுதியிருப்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்திலும் இந்த வண்டிகளின் எண்ணிக்கை கூடிவிடும். மொத்த டி4, மொத்த டி3 இரண்டும் ஏறும், ஆனால் உடம்புக்குக் கிடைக்கிற பங்கு ஏறியிருக்காது. அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு 'தைராய்டு அதிகம்' என்று பயந்து வந்த கர்ப்பிணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டி.எஸ்.எச். இது தைராய்டில் சுரப்பதில்லை, மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரியில் சுரக்கிறது. தைராய்டை வேலையாள் என்று வைத்துக்கொண்டால் பிட்யூட்டரிதான் மேஸ்திரி. வேலை தொய்ந்தால் மேஸ்திரியின் குரல் உயரும், வேலை அளவுக்கு மேல் ஓடினால் குரல் அடங்கிவிடும். நாம் டியூபில் அளப்பது அந்தக் குரலை. மேஸ்திரி மிகவும் உஷாரானவர். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்கோடு நிற்காது, நூறு மடங்கு வரை போகும். டி4 இன்னும் நார்மல் எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். முன்கூட்டியே ஏறி நிற்பது இதனால்தான். தைராய்டுக்கு எந்த ஒரு டெஸ்டை முதலில் எடுப்பது என்று கேட்டால் உலகம் முழுக்க டி.எஸ்.எச். என்பார்கள். நானும் அதையே சொல்வேன்.

ஆனால் அந்தக் குரல் நாள் முழுக்க ஒரே சுருதியில் இருப்பதில்லை. நள்ளிரவு தாண்டி உச்சத்தில் இருக்கும், காலையில் இறங்கத் தொடங்கும், பிற்பகலில் அடிமட்டத்துக்கு வரும். ஒருவருக்கு ஒருமுறை 3 வந்து, மறுமுறை 4 வந்தால் அதில் சேதி ஒன்றும் இல்லை. லேபுக்கு லேப் கருவியும் மாறும், கருவியோடு எல்லையும் மாறும். உங்கள் ஜனவரி ரிப்போர்ட்டில் மேல் எல்லை 5.5, ஏப்ரல் ரிப்போர்ட்டில் 4.2. இந்த மாதிரி வித்தியாசத்தால் 7.2 வரலாமா என்றால், வராது. 0.19ம் வராது. எனவே இரண்டுக்கும் வேறு காரணம் இருக்க வேண்டும். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன், காரணம் தானாகவே தெரிந்தது.

டிசம்பரில் டைபாய்டு. பெரிய காய்ச்சல் வந்தால் உடம்பு தைராய்டு வேலையைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். டி3 இறங்கும், சில பேருக்கு டி.எஸ்.எச்.சும் இறங்கும். காய்ச்சல் விட்டு உடம்பு தேறி வரும் வாரங்களில் மேஸ்திரி விட்ட வேலையைப் பிடிக்கக் குரலை உயர்த்துவார். அப்போது டி.எஸ்.எச். எல்லையைத் தாண்டி ஏறும், சிலருக்கு 20ஐத் தொடும் வரைகூட ஏறிவிட்டு ஒன்றிரண்டு மாதத்தில் தானே இறங்கிவிடும். நீங்கள் ரத்தம் கொடுத்தது வீடு திரும்பிய இரண்டாவது வாரம். சரியாக அந்தக் காலம். அசதியும் டைபாய்டு விட்டுப்போன அசதியாகவே இருந்திருக்கும். 7.2 என்பது அன்றைய தேதியில் உண்மையான எண்ணாக இருக்கலாம், லேபின் தவறாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து ஆயுசுக்கும் மாத்திரை என்று சொன்னது அவசரம். டி4 நார்மலாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 10க்குக் கீழே லேசாக ஏறியிருந்தால், கர்ப்பம் இல்லாதவருக்கு, இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் வழக்கம். அப்படிக் காத்திருந்து பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு அது மாத்திரை இல்லாமலே இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் முடி கொட்டியதும் இதே கதையின் அடுத்த பக்கம்தான். பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை இவை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டுவது வழக்கம். ஆறேழு மாதத்தில் தானே நின்று திரும்ப வளரும். டிசம்பரையும் பிப்ரவரியையும் யாராவது சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் பார்லர் அக்காவிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது அந்த அட்டை. பின்பக்க அலுமினியத் தாளில், கிழிந்த ஓரத்தை ஒட்டி, பயோட்டின் 10 மி.கி. என்று அச்சாகியிருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. பயோட்டின் ஒரு பி வைட்டமின். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் என்றால் பத்தாயிரம் மைக்ரோகிராம், முந்நூறு மடங்குக்கு மேல். ஏப்ரல் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் காலை 9.40 என்று பதிவாகியிருக்கிறது. தினமும் டிபனுக்குப் பிறகு எட்டு மணிக்கு அந்த மாத்திரையைப் போடுவதாகப் போட்டோவுக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஆக, பயோட்டின் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள். உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. இடைஞ்சல் கருவிக்குத்தான்.

கருவிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு துளி ரத்தநீரில் டி.எஸ்.எச். இருப்பது கண்ணுக்கெட்டாத அளவு. அதைப் பிடிக்க அதற்கென்றே செய்த எதிர்ப்புரதங்களைத் தூண்டில் மாதிரி பயன்படுத்துகிறோம். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காகக் கண்டுபிடித்து 1960இல் முழுமையாக எழுதிய வழியின் வாரிசுகள்தான் இன்று எல்லா லேபிலும் ஓடுகின்றன. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது, பெர்சன் அதற்கு ஐந்து வருடம் முன்பே இறந்துவிட்டார். அவர்களுக்கு முன்னால் தைராய்டு நோயைக் கண்டுபிடிக்க, ஆளைப் படுக்கவைத்து அவர் இழுக்கும் பிராணவாயுவை அளந்துகொண்டிருந்தார்கள். அந்த நாளை நினைத்தால், மதியம் கொடுத்த ரத்தத்துக்கு மாலையில் டி.எஸ்.எச். வந்துவிடுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

டி.எஸ்.எச்.சைப் பிடித்த தூண்டிலை ஒரு இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும், இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். அதற்காகச் சின்னஞ்சிறு காந்த மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தைப் பூசியிருப்பார்கள். கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்று ஒன்று உண்டு, அதன் பங்காளி இது. இரண்டுமே பயோட்டினைக் கண்டால் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். இயற்கையில் இவ்வளவு இறுக்கமான பிடிகள் அபூர்வம். அதனால் தூண்டிலின் வாலில் பயோட்டினைக் கட்டிவிட்டால், அது மணியில் போய் ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகு மணியில் மிஞ்சும் தூண்டில்களிலிருந்து வரும் ஒளியைத்தான் கருவி அளக்கிறது. அழகான ஏற்பாடு. பல கம்பெனிக் கருவிகள் இந்த வழியில்தான் ஓடுகின்றன.

இதில் உங்கள் ரத்தம் வந்து சேர்கிறது, பயோட்டின் ததும்பத் ததும்ப. கூட்டமான பஸ்ஸில் நீங்கள் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாக எல்லாச் சீட்டிலும் துண்டு போட்டுவைத்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் மணியின் இடங்களையெல்லாம் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. டி.எஸ்.எச்.சைப் பிடித்த தூண்டிலுக்கு உட்கார இடமில்லை. கழுவும்போது அது கழுவுநீரோடு போய்விடுகிறது. மணியில் மிஞ்சுகிற ஒளி குறைவு. குறைந்த ஒளியைப் பார்த்துக் கருவி 'டி.எஸ்.எச். குறைவு' என்று எழுதுகிறது.

ஃப்ரீ டி4ஐயும் ஃப்ரீ டி3ஐயும் அளக்கும் முறை நேர்மாறானது. அங்கே ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனும், கருவி ஊற்றுகிற ஒளிரும் ஹார்மோனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ரத்தத்தில் ஹார்மோன் அதிகம் இருந்தால் ஒளிரும் சரக்குக்கு இடம் கிடைக்காது, ஒளி குறையும். அதாவது அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். பயோட்டின் அங்கேயும் இடம் பிடித்து ஒளியைக் குறைக்கிறது, கருவி 'அதிகம்' என்று எழுதுகிறது. டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம், டி3 அதிகம். தைராய்டு அளவுக்கு மேல் வேலை செய்யும் வியாதியின் அச்சு அசலான படம். இதே மாதிரிக் கருவியில் அந்த வியாதிக்கான எதிர்ப்புரதத்தைப் பார்த்திருந்தால் அதுவும் 'உண்டு' என்று வந்திருக்கக்கூடும்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தைராய்டைத் தாண்டி, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் டெஸ்டும் பயோட்டினால் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு கம்பெனிகள் புதுக் கிட்டுகளைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தியிருக்கின்றன. எல்லா ஊரிலும் எல்லாக் கருவியிலும் புதுக் கிட் வந்துவிட்டது என்று நம்பிவிட முடியாது. எங்கள் லேபில் ரத்தம் எடுக்கும் பெண்களிடம், 'பயோட்டின் சாப்பிடுகிறீர்களா' என்று கேட்காதீர்கள், 'முடிக்கோ நகத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்று கேளுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு எல்லோரும் இல்லை என்றார்கள். இரண்டாவது கேள்விக்குக் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இது என் ஊகம்தான், நல்ல ஆதாரம் உள்ள ஊகம். உங்களுக்கு உண்மையாகவே தைராய்டு கூடியிருக்க வாய்ப்பே இல்லையா என்று கேட்டால், அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். தைராய்டு வீங்கி உடைந்து ஹார்மோனைக் கொட்டுகிற தைராய்டைட்டிஸில் முதலில் அதிகம், பிறகு குறைவு என்றுதான் வழக்கமாகப் போகும். உங்களுக்கு வரிசை தலைகீழாக இருக்கிறது. நாடி 74, எடை குறையவில்லை, நடுக்கம் இல்லை. எல்லாம் அட்டையின் பக்கம்தான் சாய்கிறது. உறுதி செய்ய எளிய வழி ஒன்று இருக்கும்போது ஊகத்தோடு நிற்க வேண்டியதில்லை.

முடி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். 10 மில்லிகிராம் அளவுக்கு இரண்டு நாள் இடைவெளி போதும் என்பார்கள், நான் ஒரு வாரம் விடச் சொல்வேன். பிறகு காலை ஏழு எட்டு மணிக்குப் போய், ஏப்ரலில் கொடுத்த அதே லேபிலேயே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதத்தைப் பார்க்கிற ஆன்டி டி.பி.ஓ. மூன்றும் கொடுங்கள். லேபை மாற்ற வேண்டாம், மாற்றினால் எண் மாறியது மாத்திரையை நிறுத்தியதாலா, கருவி மாறியதாலா என்று தெரியாமல் போய்விடும். தைராய்டுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் இனி எப்போது எடுத்தாலும் அதே நேரத்தில் எடுங்கள். அது வரும்வரை ஸ்கேனைத் தள்ளிவையுங்கள். கழுத்துக்கு ஐசோடோப் என்ற கதிரியக்கப் பொருள் கொடுத்து எடுக்கிற ஸ்கேன் என்றால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யாமல் எடுக்கவே கூடாது, டாக்டரிடம் இதை நீங்களே நினைவுபடுத்துங்கள்.

மூன்றும் நார்மல் என்றால் உங்களுக்குத் தைராய்டு வியாதி இல்லை, அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் மறந்துவிடலாம். டி.எஸ்.எச். 0.19 போலவே கீழே நின்றால் என் ஊகம் தப்பு, அப்போது ஸ்கேன் தேவை. டி.எஸ்.எச். 5, 6 என்று மேலே நின்று, ஆன்டி டி.பி.ஓ.வும் அதிகம் என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தைராய்டை மெதுவாக அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 1972இல் தொடங்கி 20 வருடம் மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், இந்த இரண்டும் சேர்ந்து இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றில் சுமார் 4 பேருக்கு முழுத் தைராய்டு குறைவு வந்தது. ஆன்டி டி.பி.ஓ.வை ஒருமுறை பார்த்தால் போதும். அது 300 என்றும் 500 என்றும் வந்தால் எண்ணைக் குறைக்க மருந்து தேடி அலையாதீர்கள், இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதில் சேதி.

டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4ஐயும் சேர்க்கச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பதினைந்து வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதுதான், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். எப்போதும் குளிர், எப்போதும் தூக்கம், முகம் வெளுத்து உப்பியிருந்தது. வெளியே மூன்று இடத்தில் டி.எஸ்.எச். பார்த்திருந்தார்கள், மூன்று முறையும் 3க்குப் பக்கத்தில். 'தைராய்டு நார்மல், மனசுதான் காரணம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஃப்ரீ டி4 பார்த்தபோது 0.3. நான் வார்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரசவத்தைப் பற்றிக் கேட்டேன். ஆறு வருடத்துக்கு முன் கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனது என்றார். குழந்தைக்குத் தாய்ப்பால் ஒரு சொட்டுக்கூட வரவில்லை, அதன் பிறகு மாதவிடாயும் வரவே இல்லை. ஆறு வருடமாக ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ரத்தப்போக்கில் பிட்யூட்டரியே கருகிப்போய்விட்டது. ஷீஹன் நோய் என்பார்கள். மேஸ்திரிக்கே உடம்பு முடியாதபோது அவர் குரலை வைத்து வேலையை எப்படி எடைபோடுவது? அந்த நிலையில் சுரக்கிற டி.எஸ்.எச். சிலருக்குக் கருவியில் எண்ணாகத் தெரியும், ஆனால் அதற்கு வேலை செய்யும் சக்தி இருக்காது. அவருக்கு முதலில், பிட்யூட்டரியின் உத்தரவில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலின் குறையைச் சரிசெய்து, அதன் பிறகே தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முறை மாற்றிக் கொடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மாதம் கழித்து அவர் நடந்து வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ரத்தம் நிறையப் போன பிரசவம், தாய்ப்பால் வராதது, மாதவிடாய் திரும்பாதது, இந்த மூன்றும் சேர்ந்து உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இருந்தால் அவர் டி.எஸ்.எச். நார்மல் என்றாலும் ஃப்ரீ டி4 பார்க்கச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது குழந்தை. கருவில் இருக்கும் குழந்தைக்கு முதல் மூன்று மாதத்தில் தன் தைராய்டு கிடையாது மாதிரிதான், அம்மாவின் டி4ஐ நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. அதனால் மற்றவர்களுக்குக் காத்திருந்து பார்க்கலாம் என்கிற லேசான ஏற்றத்துக்குக்கூடக் குழந்தைக்குத் தயாராகும் பெண்ணுக்குச் சின்ன அளவில் மாத்திரை கொடுப்பது உண்டு. உங்கள் மூன்றாவது ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். எல்லையைத் தாண்டியிருந்தால் அந்தப் பேச்சை உங்கள் டாக்டரிடம் எடுங்கள். கர்ப்பம் என்று தெரிந்த உடனே மறுபடி டி.எஸ்.எச். பாருங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் மேல் எல்லை 2.5 என்று 2011இல் அமெரிக்க தைராய்டு சங்கம் சொன்னது, 2017இல் அதையே சுமார் 4 என்று தளர்த்தியது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எட்டாவது வாரத்திலிருந்து பதினோராவது வாரம் வரை கர்ப்ப ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அதுவும் தைராய்டைக் கொஞ்சம் தூண்டும், டி.எஸ்.எச். தானாகவே கொஞ்சம் இறங்கும். அப்போது 0.2 வந்தால் இன்னொரு முறை பயந்துபோகாதீர்கள்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். டெஸ்ட் எடுக்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடட்டும். மாத்திரை போட்டு இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் ஃப்ரீ டி4 கொஞ்சம் எகிறி நிற்கும், அது உண்மை நிலவரம் இல்லை. டி.எஸ்.எச். மட்டும் எடுப்பதாக இருந்தால் போட்டுவிட்டுப் போனாலும் கெட்டுப்போகாது.

அவருக்கு ஒருமுறை 1, ஒருமுறை 9 வருவதற்கு மாத்திரையின் அளவு காரணம் இல்லை என்று நினைக்கிறேன், மாத்திரை உள்ளே போகிற விதம்தான் காரணமாக இருக்கும். எழுந்ததும் எதோடு விழுங்குகிறார் என்று கேளுங்கள். காபியோடு விழுங்கினாலும், விழுங்கி ஐந்து நிமிடத்தில் காபி குடித்தாலும் குடல் அதை முழுதாக எடுத்துக்கொள்ளாது. 62 வயதில் எலும்புக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதையும் இதையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் இதைக் கட்டிப்போட்டுவிடும். இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்க வேண்டாம், வேறு டப்பாவுக்கு மாற்றவும் வேண்டாம், சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது.

இன்னொன்றும் நடப்பதுண்டு. இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டுப் போட்டுவிட்டு, டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒழுங்காகப் போடுவார்கள். டி4 ஒரு வாரத்தில் ஏறிவிடும், டி.எஸ்.எச். இறங்க ஆறு வாரம் பிடிக்கும். ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 நன்றாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 9 என்று நின்றால், லேபில் எங்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், 12 வருடம் தினமும் ஒரு மாத்திரை என்பது லேசான காரியம் இல்லை. என்றைக்காவது காலையில் மறந்துவிட்டால் அன்றே நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் அடுத்த டெஸ்ட். அதற்கு முன் எடுத்தால் மேஸ்திரி இன்னும் பழைய கணக்கில்தான் பேசிக்கொண்டிருப்பார்.

முடிந்தால் நீங்கள் ரத்தம் கொடுக்கப் போகும் அன்றே அம்மாவையும் கரூருக்கு வரச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே லேப், ஒரே காலை. மாத்திரைப் பாட்டிலையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வரட்டும். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நீங்கள் மாத்திரையை எடுத்துக் கொடுங்கள், அவர் அங்கேயே வெறும் தண்ணீரில் விழுங்கட்டும். அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் காபி குடியுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், ரத்தம் எடுத்த நேரத்தையும் சேர்த்து.